துவாதசிக் கீரை

என் வேலை என்ன என்று எங்கள் ஊரான கரமனையில் யாரைக் கேட்டாலும், "மஞ்சளும் நெல்லிக்காயும் வெச்சு கேன்சரைக் கொல்றவள்" என்பார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் நான் செய்வது அதில் கால்வாசிகூட இல்லை. செடியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுநோய் செல்கள் மேல் விடுவேன். சில சமயம் சாகும். தட்டில் பினாயில் விட்டாலும்தான் சாகும்! சாப்பிடுகிற கீரையிலிருந்து அவ்வளவு பொருள் ரத்தத்தில் சேராது. காய்கறி நிறையத் தின்றால் சில புற்றுநோய்கள் வருகிற வாய்ப்பு குறையலாம். வந்த கட்டியை அது கரைக்காது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்ட எனக்கே மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, பிறகு கீமோ. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாமியார் சாவித்ரி அழுதுகொண்டே ஒரு விக் வாங்கி வந்தார். எங்கள் அக்கிரகாரத்தில் புருஷன் இருக்கிறவள் மொட்டைத் தலையோடு வெளியே வந்தால் அபசகுனம்; பழைய நாளில் தாலி அறுத்தவளைத்தான் மொட்டையடித்து மூலையில் உட்காரவைத்தார்கள். "என் பிள்ளைக்காகவாவது வெச்சுக்கோடி" என்று கெஞ்சினார். எரிச்சலோடு வைத்துக்கொண்டேன். கீமோ முடிந்தும் அதைக் கழற்ற அவர் விடவில்லை.

ஏகாதசி விரதம் முடிந்து மறுநாள் காலையில் மண்டபத்தில் துவாதசிச் சாப்பாடு. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் இல்லாமல் அன்று இலை போடமாட்டார்கள். நோய்க்குப் பிறகு நான் முதன்முறையாகப் போனேன். பின்வாசலில் சுசீலாபாய், மண்டபத்துக்குக் கொடுத்தது போக மீதிக் கீரைக்கட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பாறசாலையிலிருந்து வந்து எங்கள் தெருவில் கீரை விற்பவர். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மாவப் பாத்தப்பந்தான் எனக்கு தைரியம். எனக்கும் அதே சூக்கேடுதான். போன மாசம் ஊசி குத்திப் பாத்து, கீமோ வேணும்னு சொன்னாவ. நான் போவல்ல."

"ஏன் போகலை?"

"கீரை தின்னே ஒங்களுக்கு மாறிப்போச்சுன்னு ஸ்ரீகண்டன் சாமி சொன்னாரே! ஒரு முடிகூட கொட்டல்லியாமே. எனக்க கூடை நெறைய கீரை கெடக்கு, பின்னே எதுக்காக்கும் ஆஸ்பத்திரி?"

ஸ்ரீகண்டன் என் நாத்தனாரின் புருஷன். இந்தச் சாப்பாட்டை நடத்துவதே அவர்தான். என் கட்டியை வைத்து அவருடைய கீரைக்கு விளம்பரம் நடந்திருக்கிறது, அதற்கு என் தலையிலிருந்த விக்தான் சாட்சி!

"கூடையை எடுத்துண்டு என்னோட வாங்கோ" என்று அவரை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். பந்தி உட்கார்ந்திருந்தது; மாமியாரும் அதில் இருந்தார். ஸ்ரீகண்டன் அத்திம்பேர் தன் இலைக்கு முன்னால் மைக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"இதோ வந்துட்டா நம்ம மீரா! சயின்டிஸ்டாக்கும். மார்ல கட்டி வந்து, துவாதசிக் கீரையால..."

நான் விக்கைக் கழற்றி அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

யாரோ ஒரு மாமி "சிவ சிவா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும்! எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தலையில் காற்று பட்டது, அவ்வளவு சுகம்.

"கீமோவுல கொட்டின தலை இது" என்றேன். "கீரை நல்லது, தினம் சாப்பிடுங்கோ. ஆனா என் கட்டிக்கு வைத்தியம் பண்ணினது ஆஸ்பத்திரியாக்கும். இந்த அத்திம்பேர் பேச்சைக் கேட்டுண்டு இவங்க மருந்துக்குப் போகாம இருக்காங்க."

"சுமங்கலி, பந்தியில இப்படியா? தலையை மூடிக்கோ!" என்று அத்திம்பேர் பதறினார். "அம்மா, நீங்களாவது சொல்லப்படாதா?"

என் மாமியார் இலையை விட்டு எழுந்தார். எனக்கு உள்ளூர பயம்தான்.

"மருந்து ஏத்தறச்சே பக்கத்துல உட்கார்ந்திருந்தது நானாக்கும், மாப்பிள்ளை" என்றார். "அவ சொல்றது அத்தனையும் நெஜம். நீங்க மைக்கைக் கீழே வையுங்கோ."

சுசீலாபாய் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் முடி போவுமா?"

"போகலாம்."

"பெறவு?"

அவர் கையைப் பிடித்து என் உச்சந்தலையில் வைத்தேன். அங்கே புதுமுடி பொடிப்பொடியாகக் கிளம்பியிருந்தது. விரலால் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து, கூடையைத் தூக்கி அத்திம்பேர் இலைக்கு முன்னால் வைத்தார்.

"சாமி, இதையும் நீங்களே தின்னுங்க. நல்ல கீரையாக்கும். எனக்கு இப்பம் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."