பெரியப்பாவுக்குச் சவரம்

தாடையைத் தூக்கிக் கட்டுவதற்காகக் கிழித்த வெள்ளைத் துணி தாடி மயிரில் வழுக்கி வழுக்கி மேலே ஏறியது. கலைமணி அதை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அவள் காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் அப்பா போய்விட்டிருந்தார். படுக்கையில் கிடந்த நாட்களில் முளைத்த தாடி கன்னமெல்லாம் நரைத்துக் கிடந்தது. முகத்தில் ஒரு முள் தெரிந்தாலும் தெருவில் இறங்காத மனுஷர் அரியமுத்து.

அரும்பாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். அப்பாவின் தங்கை பஞ்சவர்ணம் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, முதல் வேலையாக அண்ணன் முகத்தைத்தான் பார்த்தாள். இந்த மூஞ்சியோடு எப்படி அனுப்புவது, ஆள் கூப்பிடு என்றாள். ஊருக்குத் தூக்கிப் போகும் பேச்சே எழவில்லை. அங்கே சுடுகாட்டுக்குப் போகும் வரப்பில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சண்டை. தன்னை அரியலூரிலேயே புதைத்துவிட வேண்டும் என்று அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

ஆளை எங்கே தேடுவது என்று கலைமணிக்குத் தெரியும். அதுதான் தொல்லை.

அப்பாவின் ஊர்ச் சலூனில் காலனிக்காரர்களுக்கு முடி வெட்டமாட்டார்கள். உங்கள் தலையில் கத்தி வைத்தால் மற்றவன் கடைக்கு வரமாட்டானே என்பார் சலூன்காரர். அவரையும் சொல்லிக் குற்றமில்லை என்று அப்பாவே சொல்லுவார். சைக்கிளை மிதித்துக்கொண்டு, தன்னை யாரென்று தெரியாத டவுனாகப் பார்த்துப் போய் வெட்டிக்கொண்டு வருவார். கலைமணிக்கு அரியலூர்க் கருவூல ஆபீஸுக்கு மாற்றல் வந்து, அவரையும் உடன் அழைத்து வந்தபோது அவருக்கு வலது கை விழுந்திருந்தது. அவள் கணவன் சவுதியில். ஆகவே அப்பாவுக்குச் சலூன் பார்க்கும் வேலையும் அவளுடையதே ஆயிற்று. வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றால் உள்ளே இருப்பவர்கள் அவசரமாகச் சட்டைப் பட்டனைப் போடுவார்கள். சிமெண்ட் லாரிப் புழுதியில் கடை கடையாக ஏறி இறங்கினாள். அப்பாவின் முடி வேறு, சுருட்டையிலும் சுருட்டை; வாங்கின சீப்பைத் திருப்பித் தராது. ஒரு கடைக்காரர் சோப்பைக் குழைத்துக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார், அப்பா சொன்னார். எந்தத் தெரு என்று கேட்டார். இதோ வருகிறேன் என்று எழுந்து வந்த அப்பா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

பிறகுதான் பஜாரில் ராஜா சலூன் அகப்பட்டது. மத்தியான நேரம், கடையில் வேறு ஆளில்லை. மாயவன் என்ற அந்தச் சலூன்காரரும் எந்த ஊர் என்றுதான் கேட்டார். அப்பா ஊரைச் சொன்னதும் கத்திரிக்கோல் நின்றது. கண்ணாடிக்குள்ளேயே அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, அந்த ஊர்க் காலனியில் ஒருவர் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அப்பா சொன்னார்.

"நம்ம ஆளும்மா. எனக்குத் தம்பி மொறை ஆவுறவன் மவன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கலைமணி அதற்கு முன் பார்த்ததில்லை.

மாயவன் திருமானூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். திருச்சியில் தொழில் பழகி வந்து இங்கே கடை போட்டவர். யாரிடமும் பொய் சொன்னதில்லை. சலூன் வைத்திருப்பவனை நீ என்ன ஆள் என்று எவரும் கேட்பதில்லை. கத்திரிக்கோலைப் பார்த்து அவர்களாகவே ஒரு சாதியைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததை வைத்துக்கொண்டு அவர் பிழைத்தார். கடையில் ஆள் இருந்தால் அப்பாவை ஐயா என்பார், இல்லாவிட்டால் பெரியப்பா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே அப்பா வெயில் கொளுத்தும் நேரமாகப் பார்த்துப் போனார்.

கலைமணி சந்தோஷம் பொறுக்காமல், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பி பிரேம்குமாருக்கு இதைப் போனில் சொல்லியிருந்தாள். கண்டுபிடித்ததைச் சொன்னவள், அதை மறைத்து வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துபோனாள்.

ஆகவே மாயவனைக் கூப்பிடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்தாள். இது காலனிக்காரர் சாவு என்று தெருவுக்கும் பஜாருக்கும் தெரியும், வாசலில் பறை வந்து இறங்கிவிட்டது. இந்தப் பிணத்தின் முகத்தை ஒரு பஜார் சலூன்காரர் வந்து தொட்டால் ஏன் தொட்டார் என்று ஊர் கேட்கும். தானே மழித்துவிடலாமா என்று அவள் மெல்லக் கேட்டதற்கு, பொட்டச்சி கையாலயா என்று பஞ்சவர்ணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கலைமணி சவுதிக்குப் பேச பூத்துக்குப் போனாள்.

லைன் கிடைத்துப் பேசித் திரும்பும்போது, சேதி கேட்டுத் திருப்பூரிலிருந்து வந்திருந்த பிரேம்குமார் வாசலில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அழுது வீங்கிய முகத்தில் ஏதோ ஒரு காரியம் முடித்த தெளிவு.

"மாயவண்ணங்கிட்ட சொல்லிட்டேன்க்கா. ஒங்க பெரியப்பா தவறிட்டாருண்ணே, நம்ம சனமெல்லாம் வந்தாச்சு, நீங்க வந்துதான் மூஞ்சி வழிக்கணும்னேன். சட்டைய மாத்திக்கிட்டு வரேன்னாரு."

"கடையில ஆளு இருந்தாங்களா?"

"ஞாயித்துக்கெழமையில்ல, பெஞ்சு நெறைய ஆளு. துக்கத்துக்கு என்னா மரியாதைங்கிற! நான் சொன்னதுமே எல்லாரும் எழுந்துட்டாங்க. ஒருத்தரு பாதி மூஞ்சியில சோப்போட இருந்தாரு, அவரே தொடச்சிக்கிட்டுப் போயிட்டாரு."

கலைமணிக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் உள்ளே போய் வெந்நீர் வைத்தாள்.

மாயவன் வெளுத்த சட்டையோடு கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் நடந்து வந்தார். பறைக்காரர்கள் அடியைத் தாழ்த்தி வழிவிட்டார்கள். தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கும்போது கலைமணி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. நான்தான் சொல்லாம உட்டுட்டேன். நீங்க வராமலாச்சும் இருந்திருக்கலாம்."

"தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு, இனிமே சாண் என்ன, மொழம் என்ன." அவர் பெட்டியைத் திறந்தார். "வேற யாரு வந்து இவரு மூஞ்சியத் தொடுவாங்குற?"

தாடைக் கட்டை அவிழ்த்து, வெந்நீரை ஒற்றி, சோப்பு நுரையைப் பூசினார். ஒரு கன்னம் முடிந்ததும், "கொஞ்சம் திரும்புங்க பெரியப்பா" என்றார், பழக்கதோஷத்தில். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது. பிறகு அவரே தலையை மெதுவாகத் திருப்பி வைத்தார். மீசையை அப்பா விரும்புகிறபடி கத்தரித்து, சுருட்டை முடியைத் தண்ணீர் தொட்டு வாரிவிட்டார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். பஞ்சவர்ணம், அண்ணன் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று சொல்லிப் புதிதாக ஒரு பாட்டம் அழுதாள்.

சாயங்காலம் இடுகாட்டில் பிரேம்குமாருக்கு மாயவன்தான் மொட்டை போட்டார். மீசையும் போயிற்று. கூலி என்று யாரோ நீட்டியதை, பங்காளி வீட்டில் வாங்குவதா என்று தள்ளிவிட்டுக் குழியில் அவரும் ஒரு பிடி மண் போட்டார்.

பால் தெளித்த மறுநாள்தான், கடையில் எல்லாரும் ஏன் எழுந்து போனார்கள் என்று கலைமணி தம்பியிடம் சொன்னாள். அவன் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு தடவை கேட்டான். அப்புறம் கையைக் கழுவினான். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவன் பஜார்ப் பக்கம் போகவில்லை, கடைக்குப் போகச் சொன்னாலும் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் திருப்பூர் கிளம்பினான். காரியத்துக்குத் திரும்ப வருவதாகக் கம்பெனியில் சொல்லி லீவு வாங்க வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பஜார் வழியாகத்தான் போயாக வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு கலைமணியும் உடன் நடந்தாள்.

ராஜா சலூன் திறந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெஞ்சில் யாருமில்லை. நான்கு கடை தள்ளியிருந்த இன்னொரு சலூனில் ஆட்கள் வாசல்வரை நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாயவன் பெஞ்சு ஓரத்தில் அமர்ந்து, படித்த பேப்பரைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்து, கெளம்பியாச்சா என்று தலையை அசைத்தார்.

பிரேம்குமார் தோள்பையையும் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். படியேறி உள்ளே போய், தெருவைப் பார்த்திருந்த அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு வாரத்தில் முள்ளாக மட்டும் அரும்பியிருந்த மொட்டைத் தலையில் வெயில் பட்டது. வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, முகத்திலும் மழிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாயவன் கொஞ்சநேரம் அவன் தலையைப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து, வெள்ளைத் துணியை ஓங்கி ஒரு உதறு உதறி, அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்.