தங்கச்சியின் கைராசி

அக்கா மயக்க மருந்து டாக்டர், தங்கை இரத்தக் குழாய் டாக்டர். இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி. கைராசிக்காரி என்று ஊரே தேடி வந்தது தங்கையைத்தான். தூங்கவைத்தவளின் முகம், விழித்தெழுந்த எவருக்கும் நினைவிருப்பதில்லை. தங்கை படித்த படிப்புக்கு அக்காவும் முட்டிமோதிப் பார்த்தாள், இடம் கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பு இன்னும் உள்ளே கிடந்தது.

அன்று மேசையில் குப்புறப் படுத்திருந்தவர் பஸ் டிரைவர். கால் தொடைவரை இரத்தம் உறைந்து வீங்கியிருந்தது. முழங்காலுக்குப் பின்னால் மெல்லிய குழாயைச் செலுத்தி, உறைந்த கட்டியைத் தங்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நர்சுகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒரு தடவையாவது இவள் கை தடுமாறாதா என்று நினைத்தாள்.

அப்போதுதான் திரையில், டிரைவர் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவின் அளவு சடாரென்று பாதியாகச் சரிந்தது. பின்னாலேயே இரத்த அழுத்தமும் இறங்கியது.

"நிறுத்துடி. கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடுச்சு."

தங்கை அப்படியே நின்றாள். அவள் கண்களில் பயத்தை அக்கா இதற்குமுன் பார்த்ததே இல்லை. பார்த்ததும் உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் டிரைவரின் உதடு நீலம் பாய்ந்ததைக் கண்டதும் அந்தக் குளிர்ச்சி போன இடம் தெரியவில்லை.

"ஆளைத் திருப்புங்க" என்றாள். நான்கு பேர் சேர்ந்து அவரை மல்லாக்கப் போட்டார்கள். அவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தாள். ஒரு நர்ஸ் சலைனைத் திறக்கப் போனாள்.

"வேணாம். இதயமே திணறிக்கிட்டிருக்கு, தண்ணிய ஏத்தினா படுத்துடும். பிரஷர் மருந்து மட்டும் ஓடட்டும்."

"தாங்குவாராக்கா?"

"நான் புடிச்சு வைக்கிறேன். நீ உள்ள போ."

தங்கை தொடை இடுக்கில் புதிதாகத் துளையிட்டு, இதயத்தைத் தாண்டி நுரையீரலின் இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தினாள். ஒரே முயற்சியில் போய்ச் சேர்ந்தது. தன்னால் முடிந்திருக்காது என்று அக்காவுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததுதான் பிடிக்கவில்லை. விரல் நீளத்துக்குக் கருஞ்சிவப்பாய் ஒரு கட்டி வெளியே வந்து விழுந்தது. டிரைவரின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

வெளியே டிரைவரின் மனைவி தங்கையின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அக்கா ஓரமாக நடந்து லிஃப்டில் ஏறினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி போன் பண்ணினா. நீ மட்டும் பாக்கலேன்னா அந்த ஆளே இல்லையாமே. சொல்லும்போதே அழுதுட்டாடி."

பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று அக்காவுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"சாப்பிட்டாளாமா?"

"எங்க? அந்த ஆள் பக்கத்துலயே உக்காந்திருக்காளாம்."

அக்கா அடுக்களைக்குப் போனாள். மனசு ஆறாமலே, அவளுக்கும் தனக்குமாக இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டினாள்.