நூற்றைம்பத்திரண்டு கீறல்கள்

1.

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.

மகளை வேலைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி மேஸ்திரியிடம் நான் வாங்கிய முன்பணம் அது. அவள் அம்மா படியில் விழுந்து காலை முறித்துக்கொண்ட வாரம் வாங்கினேன். இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடியது இந்த எண்ணைத்தான். மற்றபடி எனக்கும் கதைக்கும் எந்த ஒட்டும் கிடையாது. இருபத்திரண்டு வருடம் கட்டட வேலையில் சிமெண்டும் மணலும் குழைத்தவன். என்னைக் கூப்பிடுகிற பெயரே ‘கலவை’தான். எழுத்து கற்றுக்கொண்டது நாற்பத்தாறு வயதில். அதனால் வாக்கியம் சில இடத்தில் தண்ணீர் கூடி ஓடும், சில இடத்தில் இறுகிப்போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

அதிகாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை வீசிக்கொண்டு—

மகள் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: “நாம கெளம்புற நேரத்துல என்னைக்குப்பா சூரியனைப் பாத்தீங்க? பஸ் வருதான்னுதானே பாத்தீங்க?”

அடித்துவிட்டேன்.

(இந்தக் கதை முழுக்க அவள் பென்சில் இருக்கிறது. ரப்பர் எடுத்து அழிக்கலாம் என்றுதான் நினைத்தேன். சில இடங்களில் என் பேனாவைவிட அது ஒழுங்காகப் பேசுகிறது. விட்டுவைத்திருக்கிறேன்.)

2.

மேஸ்திரியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று வாரம் போனது. கடன் கொடுத்தவர் கதையில் வந்தால் கொஞ்சம் பயமாக இருக்க வேண்டாமா? முறுக்கு மீசை வைத்தேன். கண்ணைச் சிவக்க வைத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன்.

“யாருப்பா இந்த மீசைக்காரன்?”

“நீங்கதாண்ணே.”

“எனக்கு எங்கடா மீசை? ஒதட்டுக்கு மேல சிமெண்ட் ஒட்டியிருந்ததைப் பாத்து எழுதிட்டியா?”

“கதைக்காகண்ணே.”

“கதைன்னா என் மூஞ்சிய மாத்துவியா? வேணும்னா கடனைக் கூட்டி எழுது. மூஞ்சிய விட்டுடு.”

மீசையை எடுத்துவிட்டேன். மீசை போனதும் அவர் மேல் இருந்த பாதிக் கோபமும் போய்விட்டது. இப்போது எஞ்சியிருப்பவர் முழங்கால் வலிக்காரர், தலையில் கைக்குட்டை கட்டியவர், வீடு கட்டுகிற வீட்டுக்காரரிடம் தானே முன்பணம் வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஒரு காசும் விட்டதில்லை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

3.

ஏற்பாடு இதுதான். பன்னிரண்டாவது முடித்த கையோடு மகள் என்னுடன் வந்து செங்கல் சுமந்தாள். அவள் கூலியில் நாளைக்கு அறுபது பிடித்தம். முழுக் கடனும் தீர நூற்றுத் தொண்ணூற்று நான்கு நாள். தீரும்வரை ஆள் வேறு இடம் போகக்கூடாது. யாரும் இதை எழுதி வைக்கவில்லை. எழுதத்தான் எங்கள் மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியாதே.

அதனால் சுவரில் கீறினோம். கட்டிக்கொண்டிருந்த வீட்டின் உள்ளறையில், வாசலுக்குப் பக்கத்துச் செங்கற்களில், சாயங்காலம் ஒரு கீறல். ஐந்தாவது கீறல் குறுக்கே. கரியால் போட்டால் சுவருக்குத் தண்ணீர் அடிக்கும்போது போய்விடும் என்று ஆணியால்தான் போடுவோம். கீறுவது அவள், பக்கத்தில் நிற்பது மேஸ்திரி.

(பென்சில்: “நோட்டுல எழுதுறேன்னு சொன்னேன். உன் நோட்டு உன்கிட்டதான இருக்கும் பாப்பா, சுவரு பொதுன்னு மேஸ்திரி மாமா சொன்னாரு. அது நியாயமாத்தான் பட்டுச்சு.”)

4.

இந்த இடத்தில் பயிற்சிக்கூடம் வருகிறது.

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டு மாதம் வயரிங் வேலை கற்றுக்கொடுத்து, முடித்ததும் வேலையும் பார்த்துத் தருகிற இடம். மகள் எங்களுக்குச் சொல்லாமல் பரீட்சை எழுதியிருக்கிறாள். இடமும் கிடைத்துவிட்டது. நடத்துகிற மேடம் ஒரு வெள்ளிக்கிழமை போனில் கூப்பிட்டார்.

“திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு உங்க பொண்ணு உள்ள இருக்கணும். ஒம்பதே கால் ஆச்சுன்னா அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவோம். அவளுக்குப் பின்னாடி முப்பத்தோரு பேர் நிக்கிறாங்க.”

“எவ்வளவு கட்டணும் மேடம்?”

“ஒண்ணும் வேணாம். எல்லாம் இலவசம்.”

இலவசம் என்ற சொல்லைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நீளமாக இருந்ததால் கிழித்துவிட்டேன். சாரம் மட்டும் சொல்கிறேன்: சொல்லிக்கொடுப்பது இலவசம், மதியச் சாப்பாடு இலவசம், பஸ் பாஸ் இலவசம். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை எட்டு மாதம் கூலி கொண்டுவராமல் உட்கார்ந்து படிக்கிற செலவு இருக்கிறதே, அதை அந்த வீட்டு அடுப்புதான் கட்டுகிறது. மேடத்துக்கும் இது தெரியும். தெரிந்துதான் சாப்பாடும் பாஸும் போட்டிருக்கிறார். அவரால் முடிந்தது அவ்வளவு.

5.

இனி புதன்கிழமைக்குப் போக வேண்டும். போன் வருவதற்கு இரண்டு நாள் முன்பு.

(முதலிலேயே அதை எழுதாமல் ஏன் இங்கே வைத்தேன்? கையெழுத்துப் பிரதியில் இந்தப் பகுதியை நாலு இடத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் வலித்தது.)

அன்று கொத்தனார் வரவில்லை. மேஸ்திரி என்னிடம் கொத்துக் கரண்டியை நீட்டினார்.

“உள்ரூம் சுவரை நீ பூசுறியா?”

இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் சட்டியில் கலவை போட்டவனிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? கரண்டியை வாங்கிக்கொண்டேன். சுவரை நனைத்தேன். கலவையை வீசி அடித்தேன். மட்டப்பலகையால் இழுத்தேன், தேய்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது சுவர் தண்ணீர் மாதிரி இருந்தது. உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன்.

சாயங்காலம் மகள் ஆணியோடு வந்து வாசலில் நின்றாள்.

“அப்பா.”

“எப்படி இருக்கு பாத்தியா?”

“அப்பா, கணக்கு எங்கப்பா?”

நான் மறந்ததற்குக் காரணம்—

(இந்த வாக்கியத்தை இப்போதைக்கு இங்கேயே விடுகிறேன்.)

6.

சனிக்கிழமை கூலி நாள். கணக்கு தெரிகிறவரை பிடித்தம் வேண்டாம் என்று புதனிலிருந்து மேஸ்திரி நிறுத்திவைத்திருந்தார். மூன்று பேரும் அந்தச் சுவர் முன்னால் நின்றோம். திங்கட்கிழமை பயிற்சி என்று மகள் சொன்னாள்.

“போ பாப்பா, யாரு வேணாம்னா? மிச்சத்தை முடிச்சிட்டுப் போ,” என்றார் மேஸ்திரி.

“மிச்சம் எவ்வளவு மாமா?”

“நீ ஒரு நூத்திப் பத்து நாள் வந்திருப்ப.”

“நூத்தம்பத்தொண்ணு.”

“கலவை, நீ சொல்லு.”

“நூத்தி முப்பது இருக்கும்ணே,” என்றேன்.

மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மூன்று வரி முயன்று மூன்றையும் அடித்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், அவள் என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“உடைச்சுப் பாப்போம்,” என்றாள்.

“அது உங்கப்பன் முதமுதலா பூசுன சுவரு. கொத்தனாரே பாத்துட்டு வாயைப் பொளந்தான்.”

“எனக்குத் தெரியும் மாமா.”

“உடைச்சா மறுபடி பூசுற கூலி யாரு தருவா? வீட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?”

சுவர் வெகு அழகாக நின்றது.

7.

கதை எழுதுகிறவனுக்கு இங்கே வசதியான முடிவுகள் இரண்டு உண்டு. எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மேஸ்திரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போம்மா, கடன் தீர்ந்தது” என்கிறார். படித்துக் காட்டினேன். “நான் எப்படா அப்படிச் சொன்னேன்? ஊரெல்லாம் படிச்சிட்டு நாளைக்கு எல்லாவனும் கடன் தீர்ந்ததுன்னு வந்து நிப்பான்” என்று சண்டைக்கு வந்துவிட்டார். கிழித்தேன்.

முடிவு ஆ: சுவரை உடைக்கிறோம், சரியாக நூற்றுத் தொண்ணூற்று நான்கு கீறல். (பென்சில்: “ஹா ஹா.”) இதையும் கிழித்தேன்.

8.

நடந்தது இது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அங்கே மேஸ்திரி தன் உளியோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

“நீ வருவியா மாட்டியான்னு பாக்கலாம்னு வந்தேன்,” என்றார்.

“வரலைன்னா?”

“நான் உடைக்கறதா இருந்தேன். எனக்கும் தூக்கம் வரல. நான் நூத்திப் பத்துன்னு சொன்னது குத்துமதிப்புதான்.”

மகளும் பின்னாலேயே வந்துவிட்டாள். முதல் அடியை நான்தான் அடித்தேன். நாலு நாள் பூச்சு, நன்றாகப் பிடித்திருந்தது. என் வேலை நல்ல வேலையாக இருந்ததற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒருநாள்தான். இரண்டு செங்கல் நீளம், நாலு வரிசை உயரம் பெயர்த்ததும் சிவப்புச் செங்கல்லில் சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தன. கீறலுக்குள் கலவை போய் இறுகியிருந்தது. முன்பைவிடத் தெளிவாக இருந்தது கணக்கு.

மகள் எண்ணினாள், மேஸ்திரி எண்ணினார், நான் விரலால் தடவி எண்ணினேன். ஐந்து ஐந்தாக முப்பது கட்டு, அதற்கு மேல் இரண்டு கீறல். நூற்றைம்பத்திரண்டு.

“உன் கணக்கைவிட ஒண்ணு கூட, பாப்பா,” என்றார் மேஸ்திரி. அவர் குரலில் கொஞ்சம் வெட்கம்.

மிச்சம் நாற்பத்திரண்டு நாள். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது.

“அதை என் கூலில பிடிச்சுக்குங்கண்ணே. இவ நாளைக்குப் போகட்டும்.”

“ரெண்டு பேரு கூலில வீடு நடந்தது. இப்ப ஒரு கூலி, அதுலயும் அறுபது போச்சுன்னா தாங்குவியா?”

“பாப்போம்ணே.”

“சரி,” என்றார். பிடிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. நாற்பத்திரண்டு நாளும் பிடித்தார். ஆனால் அந்த ஓட்டையைத் திரும்பப் பூசுகிற கூலியை மட்டும் தன் கணக்கில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து நின்றார்.

“என்ன மேஸ்திரி இது, பூசின சுவரை உடைச்சிருக்கீங்க?”

“வீட்டம்மா இங்க ஒரு சுவிட்ச் கேட்டாங்களே சார்,” என்றார் மேஸ்திரி, கண் சிமிட்டாமல்.

வீட்டம்மா தினமும் ஏதாவது ஒன்று கேட்பவர்தான். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் அந்த இடத்தில் ஒரு சுவிட்ச் பெட்டியைப் பதித்துச் சுற்றிலும் பூசினோம். உள்ளே வயர் கிடையாது. போட்டாலும் எரியாத, அணைத்தாலும் அணையாத சுவிட்ச்.

9.

திங்கட்கிழமை ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே மகள் உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் நின்று மணி ஒன்பதே கால் ஆகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அரை நாள் கூலி போனது.

சுவரை இனி நம்புவதில்லை என்று ஒரு நோட்டு வாங்கினேன். அதே கூடத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெற்றவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். சிமெண்ட் கையோடு போய் உட்கார்ந்தேன். நாளுக்கு ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் அன்றைக்குக் கற்ற எழுத்து. பத்தாம் கோட்டுக்குப் பக்கத்தில் ‘மணல்’ இருக்கிறது. இருபத்தெட்டாம் கோட்டில் ‘சுவர் நல்ல சுவர்’. நாற்பத்திரண்டாவது கோட்டுக்குக் கீழே மேஸ்திரி பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். “தீர்ந்துதுன்னு எழுதிக்க,” என்றார். எழுதினேன். நான் எழுதிய முதல் கதை அந்த ஒரு சொல்தான். இப்போது நீங்கள் படிப்பது அதை நீட்டியது.

எட்டு மாதம் கழித்து மேஸ்திரி போன் செய்தார். “பாப்பா, அந்த வீட்டம்மா சுவிட்ச் எரியலைன்னு என் உயிரை வாங்குறாங்க.”

மகள் பையும் டெஸ்டருமாகப் போனாள். நானும் போனேன். சுவரை வெட்டி வயரை உள்ளே விட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று வீட்டம்மா சொன்னார்.

“வேணாங்க. சுவருக்கு மேலேயே பட்டி அடிச்சு வயரை இழுத்துடறேன். இந்தச் சுவரை உடைக்கமாட்டேன்,” என்றாள்.

விளக்கு எரிந்தது. கூலி வாங்கவில்லை. “என்னம்மா இது?” என்றார் வீட்டம்மா. “பழைய பாக்கிங்க,” என்றாள் மகள்.

10.

இதோடு முடித்திருக்கலாம். விளக்கு எரிகிற இடத்தில் முடிப்பது நல்ல முடிவு என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஐந்தாம் பகுதியில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டேனே, அதைக் கேட்காமல் நீங்கள் எழுந்து போகமாட்டீர்கள்.

கரண்டி கையில் வந்த சந்தோஷத்தில் மறந்தேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் தண்ணீர் அடிக்கும்போது அந்தச் செங்கற்களை என் கண் பார்த்தது. அவள் பரீட்சை எழுதியது அவள் அம்மாவுக்குத் தெரிந்து, அம்மா வழியாக எனக்கும் அரசல்புரசலாகத் தெரியும். அவள் போய்விட்டால் அடுப்புக்கு என்ன செய்வது என்ற பயமும் எனக்குள் இருந்தது. இது எல்லாம் சேர்ந்து என் கையை ஓட்டியதா, வெறும் மறதியா? இருபது தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். என் கை எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறது.

இந்தப் பத்திக்கு எதிரில் மகள் பென்சிலில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

“அப்பா, மறந்தீங்களோ மறக்கலையோ, முத அடி அடிச்சது நீங்கதான். இந்தப் பாக்கியை நான் தள்ளுபடி பண்ணிட்டேன். இனிமே இதை நோண்டாதீங்க. சாப்பிட வாங்க.”

தள்ளியது அவள். அது அவள் பாக்கி, தள்ள அவளுக்கு உரிமை உண்டு. நான் சாப்பிடப் போகிறேன். அந்த வாக்கியத்தை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உங்களுக்குத் தோன்றியபடி முடித்துக்கொள்ளுங்கள். பென்சிலாக இருந்தால் நல்லது.

புதன்கிழமை அந்தச் செங்கற்களின் மேல் முதல் கலவையை வீசும்போது நான்—