பதினொரு ரோமானியர் குளித்த குளம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, அபுதாபிக்கு மேற்கே கடலோரத்தில் இருந்த ஓர் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி கேம்ப்பின் நீச்சல் குளத்தில், பதினொரு ரோமானியர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் மெஸ்ஸில் வெங்காயம் தீர்ந்துபோனது. கேம்ப் முழுவதும் பேச்சு வெங்காயத்தைப் பற்றியே இருந்தது. ரோமானியர்களைப் பார்த்தவர் குளத்தைப் பராமரிக்கும் தேவசுந்தரம் ஒருவர்தான். உச்சி வெயிலில் மற்றவர்கள் ஏசி அறைக்குள் உறங்குவார்கள்; அந்த நேரத்தில் குளத்தருகே அவரைத் தவிர யாருக்கும் வேலை கிடையாது.

தேவசுந்தரம் குளச்சல்காரர். கோட்டாறு குருமடத்தில் நான்கு வருடம் லத்தீன் படித்து, சாமியாராகாமல் வெளியே வந்து, பம்ப் மெக்கானிக் ஆனவர். அவரிடம் ஒன்றைக் கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு சிகரெட் முடிந்துவிடும் என்பான் ஏசி மெக்கானிக் உமாபதி. அன்று தண்ணீரில் பதினொரு தலைகளைக் கண்டதும், திகைப்பில் அவர் வாயிலிருந்து, ‘ஆண்டவர் உங்களோடு’ என்று பூசையில் குரு சொல்லும் லத்தீன் வாசகம்தான் வந்தது: “தோமினுஸ் வோபிஸ்கும்.” பதினொருவரும் ஒரே குரலில், கோட்டாறு உச்சரிப்புக்குச் சற்றே மாறுபட்டு, “எத் கும் ஸ்பிரித்து துவோ” என்று பதில் சொல்லிவிட்டு, குளிப்பதைத் தொடர்ந்தார்கள். கோயிலில் வளர்ந்தவர்கள் என்று தெரிந்ததும் தேவசுந்தரத்துக்குப் பயம் போய்விட்டது.

அவர்களால் ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. தினமும் நண்பகலில் வந்து, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, வளைந்த இரும்பால் வழித்துவிட்டு இறங்குவார்கள். மிச்சம் தண்ணீரில் மிதக்கும். அமெரிக்கர்கள் மூன்று மணிக்கு வருவதற்குள், தேவசுந்தரம் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு எண்ணெயை இழுத்தெடுத்துவிடுவார். இந்தக் குளத்தை அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. பம்ப் அறையை ஒட்டி இரண்டு அறை வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. இரண்டு வருடம் குளம் பழுதில்லாமல் ஓடினால் அந்த வீடும், மனைவி லீமாவுக்கு விசாவும் தருவதாகக் கேம்ப் தலைவர் மிஸ்டர் ஹாலிஸ் சொல்லியிருந்தார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் தேவசுந்தரமும் லீமாவும் சேர்ந்திருந்தது எழுபது நாள்.

மீதி நேரத்தில் அவர் படித்தார். கேம்ப் நூலகத்தில், ரோமப் பேரரசு சரிந்த கதையைச் சொல்லும் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. எடுத்ததை அவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை. படிக்கப் படிக்க அவருக்கு உள்ளுக்குள் ஒரு சங்கடம். தூரத்து எல்லை, அங்கே உழைக்க வேற்றூர் ஆட்கள், வனாந்தரத்திலும் ஊர் வசதியோடு ஒரு குளியல், எல்லாவற்றின் விலையும் ஏறிக்கொண்டே போவது என்று புத்தகம் கேம்ப்பைப் போலவே இருந்தது. காலையில் மிஸ்டர் ஹாலிஸ் கொடியேற்றும்போது, அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தேவசுந்தரம் யோசிப்பார். கடைசி நாற்பது பக்கங்களைப் படிக்காமலே வைத்திருந்தார்.

எழுபத்தைந்து ஏப்ரலில் அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். எண்ணெயை இழுக்க ஆளில்லை. நான்காம் நாள் குளத்தின் மேல் ஒரு விரல் கனத்துக்கு மஞ்சள் எண்ணெய் நின்றது. கம்பெனியின் நிலவியல் நிபுணர் வந்து பார்த்து, அடியில் எண்ணெய் ஊற்று இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். குளத்தை வடித்து, இடித்து, அங்கே துளையிடும் கோபுரம் நிறுத்த உத்தரவாயிற்று. மெஸ் சமையல்காரர் மஹ்மூது விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

“இது ஜைத்தூன் எண்ணெ, ஆலிவ் எண்ணெ! நயம் எண்ணெ! தரைக்குள்ள இருந்து ஜைத்தூன் வருமா?”

“வரட்டும் பாய்,” என்றான் உமாபதி. “பக்கத்துல இன்னொன்னு தோண்டுனா பூரியும் வந்துரும்.”

சமையல்காரர் சொல்லை யார் கேட்பது? விசா காகிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது; குளம் போனால் வீடும் விசாவும் போகும். “போய்ப் பேசுங்கண்ணே, வாயத் தொறந்தா முத்தா உதிந்துரும்?” என்று உமாபதி தள்ளிவிட்டான். ஏப்ரல் கடைசி நாள் நண்பகலில் தேவசுந்தரம் தலைவரின் அறைக்குப் போனார். ரேடியோவில் வியட்நாமில் சைகோன் விழுந்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் நின்றுவிட்டு, “சார், குளத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்,” என்றார். ஹாலிஸ் எதுவும் கேட்காமல் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதினொருவரும் இருந்தார்கள்.

அவர்களில் பருத்தவர் புளோரென்சியுஸ், எல்லை மாகாணம் ஒன்றில் அதிகாரியாக இருந்தவர். லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே தேவசுந்தரம் நின்றார். உங்கள் பேரரசு விழுந்த அன்று எப்படி இருந்தது என்று ஹாலிஸ் கேட்டார். எது விழுந்தது என்று புளோரென்சியுஸ் திருப்பிக் கேட்டார். கடைசிப் பேரரசரை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த வருடம் என்று தேவசுந்தரம் விளக்கினார். ஓ, அந்த வருடமா என்றார் பருத்தவர். அத்திப்பழம் நன்றாகக் காய்த்தது. இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். சாயங்காலம் குளிக்கப் போனால் வெந்நீர் ஆறிப்போயிருந்தது, அதற்காகப் பெரிய சண்டை. விழுந்தது பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஹாலிஸ் குளத்தின் விளிம்பில் வந்து உட்கார்ந்தார். பிறகு, தம் மகன் போரிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது, சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றார். புளோரென்சியுஸ் தலையாட்டினார். அவருடைய மகனும் ஆற்றங்கரைப் போரிலிருந்து அப்படித்தான் வந்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கச் சொன்னார். மூன்றாம் வருடம் ஒருநாள், உப்பு குறைவு என்றான். ஹாலிஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சப்பாத்தைக் கழற்றி, காலைத் தண்ணீரில் விட்டு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார். எழுந்து போய், குளத்தில் கிடந்தது சமையல் எண்ணெய், மெஸ்ஸில் சிந்தியது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டு, விசா காகிதத்தில் கையெழுத்திட்டார். “நானா கொட்டுனேன்?” என்று மஹ்மூது ஒரு மாதம் கத்தினார்.

ஆகஸ்டில் லீமா வந்தாள். மறுநாள் உச்சி வெயிலில் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “இஞ்ச பாருங்க, இவ்வளவு பேருக்கும் தலை துவட்ட ஒரு துவர்த்துகூட இல்லியா?” என்றாள். அதிலிருந்து தினமும் பதினொரு துவர்த்து குளக்கரையில் வைப்பாள். மூன்று மணிக்குப் பிழிந்து மடித்து இருக்கும். இப்படி மூன்று வருடம் போயிற்று. எழுபத்தெட்டு டிசம்பரில் கம்பெனி கைமாறி, அமெரிக்கர்கள் ஊர் திரும்பினார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன தேவசுந்தரத்திடம், நீயே வைத்துக்கொள், கடைசிப் பக்கங்களுக்கு அவசரமில்லை என்றார் ஹாலிஸ்.

அடுத்த ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, துவர்த்து ஒன்று குறைந்தது. லீமா எட்டிப் பார்த்தாள். மிஸ்டர் ஹாலிஸ் தொப்பியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று, வெந்நீரின் சூடு பற்றிப் புளோரென்சியுஸுடன் வாதாடிக்கொண்டிருந்தார். அவர் ஓக்லஹோமாவில் சுகமாக இருப்பதாகவும், மகன் தக்காளி பயிரிட்டுக் கொஞ்சம் கொஞ்சம் பேசுவதாகவும் முந்தின நாள்தான் அவருடைய கடிதம் வந்திருந்தது.

“ஆளு கூடிட்டு,” என்றாள் லீமா. “மருந்து கொஞ்சம் கூட்டிப் போடுங்க.”

தேவசுந்தரம் ஒரு சிகரெட் தீரும் நேரம் யோசித்தார். பிறகு குளோரின் வாளியில் இன்னும் அரைக் குவளை போட்டுக் கலக்கினார்.