ஆறு காலைகள், ஒரு பின்னல்

அக்கா தன் வாழ்க்கையைப் படக்கதையாக வரைந்த புத்தகத்தில், நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்தவர்கள் அழுதார்கள். அந்தப் புத்தகம் இசை நாடகமாகிறது; அதே பக்கம் ஒத்திகையில் பாட்டாக வந்தபோது சிரித்தார்கள். மெட்டுப் போட்ட தங்கைக்குக் காரணம் பிடிபடவே இல்லை.

பக்கத்தில் ஆறு கட்டங்கள், ஆறு காலைகள். அம்மா ஆஸ்பத்திரியில். அப்பா மூத்தவளுக்குத் தலை பின்னுகிறார். முதல் கட்டத்தில் பின்னல் ஒரே கோணல். போகப்போகத் தேறுகிறது. ஆறாவதில் நேர்வகிடு, கச்சிதமான பின்னல். அம்மா திரும்பவில்லை என்று எங்கும் எழுதியிருக்காது.

தங்கை அப்போது கைக்குழந்தை. அந்தக் காலைகள் அவளுக்கு இந்தப் பக்கத்தில் மட்டும்தான் உண்டு. அக்காவோ கறாராகச் சொல்லிவிட்டாள்: "இது கேலிக்கூத்தாச்சுன்னா புத்தகத்தைத் திருப்பி வாங்கிப்பேன். தங்கச்சின்னெல்லாம் பார்க்க மாட்டேன்."

இன்று அக்கா முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பாவாக நடிப்பவர் சீப்பை எடுத்து ஒரு வரி பாடினார். தங்கையின் பியானோ துள்ளிக்கொண்டு அடுத்த காலைக்குப் போனது. மூன்றாம் காலையில் விளக்குப் போடுபவரே சிரித்துவிட்டார்.

"என்மேல தப்பில்லம்மா," என்றார் நடிகர். "நீங்க வாசிக்கிற வேகத்துக்கு நான் சலூன் வெச்ச மாதிரி இருக்கு."

"மெட்டைச் சோகமாக்கட்டுமா?" என்றாள் தங்கை.

"ஆக்கு. ஆளுக்கொரு கைக்குட்டையும் குடுத்துடு," என்று எழுந்து வந்த அக்கா, புத்தகத்தைப் பியானோமேல் விரித்தாள். இரு கட்டங்களுக்கு நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டில் நகத்தை வைத்தாள். "இங்க என்ன வரைஞ்சிருக்கேன்?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் அங்க நீ ஏன்டி வாசிக்கிறே?"

தங்கைக்கு அப்போதுதான் பிடிபட்டது. வாசகர் தங்குவது அந்த வெள்ளையில்தான். இடையில் எத்தனை நாள் போயிருக்கும், அம்மா எப்படியிருப்பாள் என்று தானே நினைத்துக்கொள்கிறார். ஐந்து இடைவெளிகளிலும் இசையை நிரப்பி, யாரையும் நினைக்க விடாமல் செய்திருந்தாள் அவள்.

இடையிசையை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது, இருமல் வந்தது. ஒவ்வொரு வரியும் முழுதாக முடிந்ததால், பாட்டே தீர்ந்துவிட்டது என்று கூடம் தளர்ந்தது. அப்படியானால் வரி முடியக்கூடாது. தங்கை கடைசி ஸ்வரத்தை வெட்டினாள்.

மறுபடி பாடினார்கள். ஒருவரும் அசையவில்லை. ஐந்தாம் இருட்டில் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"இப்படியே விட்டுடு," என்றாள். "அப்பா இப்படித்தான் இருந்தாரு."

தங்கை தாளில் பென்சிலால் குறித்தாள்: முதல் ஐந்து வரிகளுக்கும் கடைசி ஸ்வரம் கிடையாது, ஒவ்வொன்றின் பிறகும் விளக்கணைத்து நான்கு எண்ணும்வரை மௌனம், ஆறாம் வரியை மட்டும் முழுதாகப் பாடி முடிக்க வேண்டும்.