மகஜரில் கண்ட பாம்பு

எங்கள் போலீஸ் ஸ்டேஷனில், பறிமுதல் செய்ததை வைக்கும் சொத்து அறையில் உயிரோடு இருந்த ஒரே சொத்து அந்தப் பாம்புதான். அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாத நிலை. வேலப்பன் அதை ஒரு பெயிண்ட் டப்பாவுக்குள் எத்தனை மாதம் அடைத்து வைத்திருந்தானோ, பிடித்த அன்றைக்கே காய்ந்த கருவாடாக இருந்தது.

வேலப்பன் எர்ணாவூர்க்காரன். இருதலைப் பாம்பு, வீட்டில் வைத்தால் லட்சுமி நிரந்தரமாகத் தங்குவாள் என்று சொல்லி விற்பவன். வாங்க வந்த மீஞ்சூர் வியாபாரியோடு பேரம் கைகலப்பாகி இரண்டு பேரும் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். வியாபாரி, பெயர் வெளியே வந்தால் மானம் போய்விடும் என்று புகார் கொடுக்காமலே நழுவிவிட்டார். மிச்சம், பொது இடத்தில் தகராறு என்று ஒரு கேஸும் இந்தப் பாம்பும்.

பறிமுதல் செய்ததற்கு மகஜர் எழுதியவன் நான், ஹெட் கான்ஸ்டபிள் கஸ்பார். வாசகம் சொன்னவர் எங்கள் எஸ்.ஐ.; தைரியசாலி என்று பெயர் எடுத்தவர்தான், ஆனால் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தே எட்டிப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இருபுறமும் தலையும், தலைக்கு இரண்டாக நான்கு கண்களும் உடைய பாம்பு, ஒன்று.' சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் பாம்பின் பக்கமே திரும்பவில்லை.

சொத்து அறைக்குப் பொறுப்பு நான்தான். லாக்கப்பில் மனுஷன் செத்தால் எழுதுவதற்கு எங்கள் துறையில் வாசகங்கள் தயாராக உண்டு. பாம்பு செத்தால் என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ரிட்டயர்மெண்டுக்கு மூன்று வருடம் இருக்கையில் இந்த வம்பு எதற்கு என்றுதான் அதைக் கவனிக்க ஆரம்பித்தேன், பாசத்தால் இல்லை. வனத்துறைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஸ்டேஷனைப் பெருக்கும் கன்னியம்மா பக்தியோடு பாலும் முட்டையும் வைத்தாள். பாம்பு தொடவில்லை, எறும்புகள் தொட்டன.

கால்நடை டாக்டரம்மா ஒருவர்தான் வழி சொன்னார். பழைய தோல் உரியாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் வை, தோல் உரிந்த பிறகு எலி கொடு என்றார். சொத்து அறையில் தண்ணீர்த் தொட்டி வைக்க இடமில்லை. எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோ, செத்தால் நீ பொறுப்பு என்று எஸ்.ஐ. வாயால் மட்டும் அனுமதி கொடுத்தார்.

குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப் போனேன். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஜனங்கள் நாள் முழுக்கக் காத்துக்கிடந்த கோடை. அடித்துப் பிடித்துக் கொண்டுவந்த தண்ணீரில் நான் பாம்பைக் குளிப்பாட்டுவதை என் மனைவி தேவகிருபை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் பேசினாள்.

"எனுக்கு டைபாய்டு வந்தப்போ ஒரு நாளு இப்டி பக்கத்துல குந்திகினு பாத்துக்கீறியா நீ?"

நியாயமான கேள்வி. தொட்டி மேல் போடும் ஈரச் சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

பதினொன்றாம் நாள் தோல் கழன்றது. முகத்திலிருந்து ஆரம்பித்து, காலுறையைக் கழற்றுகிற மாதிரி மெதுவாக உருண்டு வந்தது. வால் முனை கழன்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் இருந்த இரண்டு கண்களும் தோலோடு வந்துவிட்டன. கறுப்பு எனாமல் பெயிண்ட். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கைவேலை. எங்கள் எஸ்.ஐ.யையே ஏமாற்றிய வேலை.

அந்தத் தோலை ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தினேன்.

அடுத்தது எலி. எங்கள் சொத்து அறையில் எலிகள் எத்தனை கிலோ கஞ்சாவைத் தின்று தீர்த்தன என்பதற்குக் கோர்ட்டில் எழுத்துமூலம் ஆதாரம் இருக்கிறது. இரண்டு நாள் பொறி வைத்தும் ஒன்றுகூட அகப்படவில்லை. கடைசியில் தண்டையார்பேட்டை அரிசி மண்டியில் வேலை பார்க்கும் என் தோஸ்து ஹுமாயூனிடம் போனேன். வேண்டுமானால் மூட்டையோடு எடுத்துப் போ என்றான்.

முதல் எலியைப் பாம்பு சுற்றிப் பிடித்து விழுங்கியபோது என் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபோதுகூட நான் அழவில்லை. இரண்டு மாதத்தில் உடம்பு திரண்டு, பளபளவென்று, நான் தொட்டியில் போட்ட மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்க ஆரம்பித்தது. பாம்பு என்ன செய்கிறது என்று நான் கேட்டால் தேவகிருபையும், "சார் தூங்கிகினு கீறார்" என்று சொல்லத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து வேலப்பன் அபராதம் கட்டிக் கேஸை முடித்துவிட்டு, வளர்ப்புப் பிராணியைப் பிரிந்து வாடுவதாகக் கோர்ட்டில் மனுப் போட்டு ஆர்டரும் வாங்கிவிட்டான். மகஜரில் கண்ட சொத்தை அவனிடம் ஒப்படைக்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு ஃபைல் ஒழிந்தால் போதும். மணல் தொட்டியோடு பாம்பை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்.

வேலப்பன் கையில் ஆர்டரும் அதே பெயிண்ட் டப்பாவுமாக வந்தான். மூடியில் காற்றுப் போக ஒரு ஓட்டைகூட இல்லை. தொட்டியைப் பார்த்ததும், நல்லா கொழுத்துக்கீது, இப்போது டபுள் ரேட்டு போகும் என்று என்னைப் பாராட்டினான். முப்பத்தைந்து வருட சர்வீஸில் அத்தனை கோபம் எனக்கு வந்ததில்லை. அடித்தால் நான் மாட்டுவேன். அதனால் மகஜரை எடுத்து நிதானமாக, வார்த்தை வார்த்தையாகப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டு தல, நாலு கண்ணு. கோர்ட்டு உனுக்குத் தரச் சொல்றது அத்தத்தான். இதுக்கு ஒரு தலதான் கீது. இது உன்னுது இல்ல."

"சார், அதே பாம்புதான் சார் இது."

"அப்டியா? பின்னால இருந்த ரெண்டு கண்ணு எங்க போச்சு? சொல்லு, எழுதிக்கிறேன்."

வேலப்பன் வாயைத் திறந்தான். நான் பேனாவைத் திறந்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

எங்கள் ரெக்கார்டில் இல்லாத பாம்பை விடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அன்றைக்கே ஹுமாயூனின் டி.வி.எஸ். மொபெட்டில் பின்னால் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மீஞ்சூர் தாண்டி ஒரு முள்ளுக்காட்டு மணலில் விட்டேன். இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வேலப்பன் சும்மா இருப்பானா? ஸ்டேஷனில் இருந்த தன் இருதலைப் பாம்பைக் காணவில்லை என்று மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டான். எனக்கு மெமோ வந்தது: மகஜரில் கண்ட பாம்பு எங்கே? பதில் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. தோலைக் காட்டினால் நான் தப்பிக்கலாம். ஆனால் அதே பாம்புதான் என்று ஆகிவிடும். எங்கே விட்டாய், போய்ப் பிடித்துக்கொண்டுவந்து அவனிடம் கொடு என்பார்கள். வேலப்பன், நான் எலி பிடிப்பதைவிட வேகமாகப் பாம்பு பிடிப்பவன்.

டப்பாவை மூடி பீரோவுக்கு மேல் வைத்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். 'மேற்படி இருதலைப் பாம்பு, எனது கவனக்குறைவால், போதிய தண்ணீரும் உணவும் இன்றி இறந்துவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' தண்ணீர் என்ற வார்த்தையை எழுதும்போது கை நின்றுவிட்டது. பிறகு எழுதினேன். தேவகிருபை பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தாள். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

ஒரு வருட இன்கிரிமெண்ட் வெட்டு. உத்தரவைக் கையில் கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா கஸ்பார், ஒரு பாம்பைக்கூட உசுரோட வச்சிக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது சார்" என்று சல்யூட் அடித்தேன்.