பன்னிரண்டாவது கிளிப்

வலது காலுறைக்குள் ஒரு சிவப்பு கிளிப்பை ஒளித்துக்கொண்டு, அது காணாமல் போய்விட்டதென்று அறிவிப்பதற்காக வீபே, பாராசூட் சங்கத்தின் காப்பி அறைக்குள் நுழைந்தான். ஐம்பத்திரண்டு வயது மனிதன் செய்யக்கூடிய கேவலங்களின் வரிசையில் இது எத்தனையாவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நடுவில் எங்காவது இருக்கும்.

விமானத்திலிருந்து குதிப்பவர்கள் முதுகில் இரண்டு பாராசூட் சுமக்கிறார்கள். ஒன்றை அவரவரே மடித்துக்கொள்ளலாம். அது சரியாகத் திறக்காத நாளுக்கென்று இருக்கிற ரிசர்வை உரிமம் பெற்றவன்தான் மடிக்க வேண்டும். நெதர்லாந்தின் ட்ரெந்தே மாகாணத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சங்கத்தில் உரிமம் பெற்றவன் வீபே ஒருவன்தான். ஆண்டுக்கொரு முறை பிரித்து, காற்றாட விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கயிறு கயிறாக நீவி, மடித்து, ஈய முத்திரை வைத்து, அட்டையில் கையெழுத்துப் போடுவான். பழைய துணி என்றால் கூடுதலாக ஒரு வேலை உண்டு. இரண்டு கவ்விகளால் துணியைப் பிடித்து, ஸ்பிரிங் தராசு மாட்டி, பதினான்கு கிலோ காட்டும்வரை இழுத்து, மூன்று விநாடி எண்ண வேண்டும். கிழியாவிட்டால் அட்டையில் ஒரே சொல்: தாங்கியது.

சங்கத்து உறுப்பினர் மார்லூஸின் ரிசர்வுக்கு இருபத்தேழு வயது. போன செவ்வாய்க்கிழமை அதை மடித்தபோது தராசு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஏணி விமானக் கொட்டகையில் இருந்தது. தொலைக்காட்சியில் பந்தாட்டம் தொடங்க ஆறு நிமிடம் இருந்தது. எட்டு வருடம் இழுத்தும் தாங்கிய துணி ஒன்பதாம் வருடம் தாங்காதா என்று வீபே தன்னைத்தானே கேட்டான். தாங்கும் என்று தானே பதிலும் சொன்னான். எழுதிவிட்டான். ஆட்டத்தில் அவன் அணி தோற்றது. செய்ததற்கு அது போதுமான தண்டனை என்று புதன்கிழமை முழுக்க நம்பினான்.

வெள்ளிக்கிழமை கடைவாசலில் ஒரு பெண்மணியின் துணிப்பை அறுந்து உருளைக்கிழங்கு தெருவெல்லாம் ஓடியது. மூன்று கிலோகூட இருக்காது. வீபே முழங்காலில் தவழ்ந்து எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தான். "போதும் சார், அது என்னோடது இல்ல, கல்லு" என்று அவள் சொல்லும்வரை பொறுக்கினான்.

சனிக்கிழமை, விமானத்தின் நாலு மணி நடையில் மார்லூஸ் குதிக்க இருந்தாள். அதற்குள் ரிசர்வைத் திறந்து இழுத்துப் பார்த்துவிட வேண்டும். முத்திரையை உடைக்கக் காரணம் வேண்டும். உண்மையான காரணத்தைச் சொன்னால் உரிமம் போகும். இருபது வருடப் பெயர் போகும். கிளிப் தொலைவதோ கௌரவமான தவறு. மடிப்புகளைப் பிடித்துவைக்கப் பன்னிரண்டு சிவப்பு கிளிப். முத்திரை வைக்குமுன் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது யாருடைய ரிசர்வுக்குள்ளாவது மாட்டியிருக்கலாம். உடனே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னவன் ஒரு பெட்டி பியர் வாங்கித் தர வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

"எல்லாரும் கேளுங்க, கிளிப்புல ஒண்ணு குறையுது" என்றான் வீபே. "பதினொண்ணுதான் இருக்கு."

நடைப் பட்டியல் எழுதுகிற ஹார்மென், காலை பத்து மணிக்கே எண்ணெயில் பொரித்த க்ரோக்கெட் தின்றுகொண்டிருந்தான். "போன வருஷம் எண்ணாம முத்திரை வெச்சவனுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தானே ஒரு பெரிய மனுஷன், அது யாருடா?"

"நான்தான்."

"பியர்!" என்று ஹார்மென் கூவினான். அறையே கைதட்டியது. "சரி, கடைசியா யாரோடத மடிச்ச?"

"மார்லூஸோடது."

மார்லூஸ் இதய நோய்ப் பிரிவில் நர்ஸ். காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்து, பிறந்தநாளுக்குக் கொடுப்பதுபோல அவன் கன்னங்களில் மூன்று முத்தம் கொடுத்தாள். "வேற எவனா இருந்தாலும் கமுக்கமா இருந்திருப்பான், வீபே."

காலுறைக்குள் கிளிப் கணுக்காலைக் கவ்வியது.

மடிப்பு மேசையைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். வீபே முத்திரையை உடைத்தான். மஞ்சள் துணியை நீளமாக விரித்தான். ஷூ கயிறு அவிழ்ந்ததுபோலக் குனிந்து நிமிர்ந்தான். ஐந்து நிமிடம் தேடினான். துணியின் மூன்றாம் மடிப்பில் கிளிப் அகப்பட்டது.

ஹார்மென் அதைப் பிடுங்கி உயரத் தூக்கிக் காட்டினான். "புதுசா சேர்ந்தவங்கல்லாம் நல்லா பாத்துக்குங்க. நேர்மைன்னா இதான்!" இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

வீபே காலையிலேயே இறக்கி வைத்திருந்த தராசை நோக்கிக் கை நீட்டினான். மார்லூஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது எதுக்கு?"

"சும்மா, ஒரு தடவை இழுத்துப் பாத்துடலாம்னு."

"செவ்வாய்க்கிழமைதானே இழுத்த? அட்டையில இருக்கே. பழைய துணிய சும்மா சும்மா இழுக்காதீங்க, ஒவ்வொரு இழுப்பும் அதோட ஆயுசுல ஒரு கடின்னு நீதான சொல்லுவ? மடி, வீபே. இப்ப ஆரம்பிச்சாத்தான் நாலு மணிக்கு நான் ஏற முடியும்."

அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தது. ஒரு வார்த்தை அவன் எழுதியது. வீபே ஒரு மடிப்பு மடித்தான். இரண்டாவது மடித்தான். மூன்றாவதில் கை நின்றது.

"இழுக்கல."

"என்ன?"

"செவ்வாய்க்கிழமை இழுக்கல. எழுதினேன். இழுக்கல."

ஹார்மென் கையிலிருந்ததைப் பார்த்தான். "அப்ப இந்த கிளிப்பு?"

"சாக்ஸுக்குள்ள இருந்துச்சு."

ஹார்மென் கிளிப்பை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"தராசை எடு" என்றாள் மார்லூஸ்.

ஒரு கவ்வியை அவளே பிடித்தாள். வீபே மறுபக்கம் இழுத்தான். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. நாடி பார்க்கிறவளைப்போல அவள் நிதானமாக மூன்று எண்ணினாள். வீபே எண்ணியிருந்தால் இரண்டரையில் முடித்திருப்பான். துணியில் ஒரு நூல்கூட அசையவில்லை. வேறு மூன்று இடங்களில் இழுத்தார்கள். அங்கேயும் அப்படியே.

"தாங்கிடுச்சுல்ல!" ஹார்மென் பெருமூச்சு விட்டான். "விடு, மார்லூஸ். கழுதை, போகட்டும்."

"துணி தாங்கிடுச்சு" என்றாள் மார்லூஸ். வீபேயைப் பார்த்தாள். "வேற யாரோடத இப்படி எழுதின?"

"யாரோடதும் இல்ல. உன்னோடது ஒண்ணுதான்."

அது உண்மை. ஒரு வாரத்தில் அவன் பேசிய மிகத் தெளிவான உண்மை.

"அதை நான் எப்படி நம்புறது?"

வீபே அட்டைகள் வைக்கிற பெட்டியைத் திறந்தான். மற்ற பழைய துணிகளின் அட்டைகளை மட்டும் பொறுக்கினான். ஏழு இருந்தன. ஒலிபெருக்கியை எடுத்து ஏழு பெயரையும் வாசித்தான். "உங்க ரிசர்வை மறுபடியும் திறக்கணும். இன்னிக்கு நீங்க குதிக்க முடியாது. காரணம் நான். திங்கட்கிழமை உரிமம் குடுத்தவங்களுக்கும் நானே எழுதிடறேன்."

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் பைகளைக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்தார்கள். நல்ல வெயில், மேகமே இல்லை, இப்படியொரு சனிக்கிழமை அங்கே வருடத்துக்கு நாலு வந்தால் அதிகம். வீபே ஒவ்வொரு முத்திரையாக உடைத்தான். அவன் ஒழுங்காக இழுத்து, ஒழுங்காக எழுதிய துணிகள். ஒவ்வொன்றின் ஆயுளிலும் இன்னொரு கடி.

நாலு மணி நடை, மார்லூஸும் இல்லாமல், காலி இருக்கைகளோடு கிளம்பியது. அந்தச் சத்தம் தேய்ந்தபின் ஹார்மென் எட்டிப்பார்த்தான். "பியர் உண்டுல்ல?"

"உண்டு."

"ரெண்டு பெட்டி."

"ரெண்டு."

ஏழாவது துணியில் தராசு பதினான்கைத் தொட்டது. மார்லூஸ் எண்ணி முடித்தாள். "தாங்கியது" என்று சொல்லி, எழுதுவதற்காக வீபே பேனாவுக்குக் கை நீட்டினான்.

பேனா அவளிடம் இருந்தது. அவள் தராசை இன்னொரு முறை பார்த்துவிட்டு, தானே எழுதினாள்.